ஸ்ட்ரீட் ஃபைட்டரா, டெக்கனா, மார்ட்டல் காம்பாட்டா: ஜாய்ஸ்டிக் பழுது பார்ப்பவனின் தீர்ப்பு

என் மேசைக்கு வரும் ஜாய்ஸ்டிக்கின் திருகாணிகளைக் கழற்றினால் போதும், அதன் சொந்தக்காரன் எந்தச் சண்டை வீடியோ கேம் ஆடுகிறவன் என்று சொல்லிவிடுவேன். கன்ட்ரோலர் என்பதுதான் சரியான பெயர். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. திசைப் பொத்தானுக்கு அடியில், டிவி ரிமோட்டுக்குள் இருப்பதைப் போல ஒரு ரப்பர் இருக்கும். அதன் கீழ்க்குமிழும் வலக்குமிழும் நைந்திருந்தால் ஆள் ஸ்ட்ரீட் ஃபைட்டர். இடக்குமிழ் மட்டும் செத்துப்போயிருந்தால் டெக்கன். திசைப் பக்கம் புதிதாகவே இருந்து, மற்றப் பொத்தான்களின் இடுக்கில் முறுக்குத் தூள் கிடந்தால் மார்ட்டல் காம்பாட்.

கடைசியில் சொன்னது பாதி கேலி. முதல் இரண்டும் கேலி அல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஹடோகன் என்ற நெருப்புப் பந்தை எறிய, கட்டைவிரல் கீழிலிருந்து முன்பக்கமாகக் கால்வட்டம் போட வேண்டும். ஓர் இரவு ஆட்டத்தில் 500 கால்வட்டம் சாதாரணம். டெக்கனில் தேறியவர்கள் எதிரியின் கைக்கு எட்டாமல் பின்னால் நழுவிக்கொண்டே இருப்பார்கள். கொரிய ஆட்டக்காரர்கள் பழக்கிவிட்ட நடை என்பதால் அதற்குக் கொரியன் பேக்டேஷ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நடை பெரும்பாலும் இடக்குமிழின் தலையில்தான் விடியும்.

மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டடிக் கடை என்னுடையது. சோறு போடுவது கைபேசி டிஸ்பிளே மாற்றும் வேலை. ஜாய்ஸ்டிக் வேலை ஆசைக்கு. வயது 41. கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "அண்ணே, கையில் ஒரு ஆட்டத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கட்டும்?" அக்கா மகன் அருகில் இருந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் "டெக்கன்" என்று சொல்லிவிடுவான். நான் "ஸ்ட்ரீட் ஃபைட்டர்" என்பேன். பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சார்ஜர் ஒயர் மட்டும் வாங்கிக்கொண்டு போவான். இந்தத் தகராறுக்கு ஒரு முடிவு கட்டத்தான் மூன்றையும் வாங்கி, கடையில் நானே சேர்த்துப் பூட்டிய கணினியில் மாதக்கணக்கில் ஆடிப் பார்த்தேன்.

தீர்ப்பை ஒளித்து வைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. ஆனால் அதைச் சொல்லும்போது என் குரல் முன்பு மாதிரி ஓங்கி வருவதில்லை. ஏன் என்பதையும் சொல்கிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் பழையது. 1996-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பகலிலும் இருட்டாக இருக்கும் ஒரு வீடியோ கேம் கடை. டைனோசர்கள் வரும் ஒரு ஆட்டத்தை ஊரே 'முஸ்தபா' என்று அதன் நாயகர்களில் ஒருவன் பெயரால் அழைத்த காலம். அதற்கு அடுத்த பெட்டி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. ஒரு ரூபாய்க் காசு போட வேண்டும். என்னிடம் ஒரு நாளைக்கு ஒரு காசுதான் இருக்கும். பெரிய பையன்கள் நாற்பது விநாடியில் அதை முடித்துவிடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் அவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் எதனால் செத்தேன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. குதித்ததால் செத்தேன் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரிந்த நாளில் என் காசு மூன்று நிமிடம் தாங்கியது. அந்த மூன்று நிமிடத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆகவே சண்டை ஆட்டத்திடம் நான் கேட்பது அழகையோ கதையையோ அல்ல. என்னை அடி, ஆனால் ஏன் அடித்தாய் என்று எனக்குத் தெரியும்படி அடி.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளிவந்தது 2023 ஜூன் 2-ஆம் தேதி. கேப்காம் நிறுவனம் முதல் நாளிலேயே சண்டைக்காரர்கள் 18 பேரைக் கொடுத்தது. அதன் பிறகு ஆண்டுக்கு நால்வராகச் சேர்த்து வருகிறார்கள். ஆட்டத்தின் உயிர் நாடி டிரைவ் கேஜ் என்ற ஆறு கட்டப் பச்சைக் கோடு. பெரும்பாலான ஆட்டங்களில் இந்த மாதிரிக் கோடு வெறுமையாகத் தொடங்கி, அடிக்க அடிக்க நிறையும். இங்கே தலைகீழ். ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தொடங்கும். சம்பளம் முதல் தேதியே கைக்கு வந்துவிடுகிறது; மாதக் கடைசி வரை ஓட்டுவது உன் சாமர்த்தியம். பாய்ந்து முன்னேறினால் செலவு, அடியைக் கூட்டினால் செலவு, சும்மா தடுத்துக்கொண்டு நின்றாலும் கரையும். தீர்ந்துவிட்டால் ஆள் சாம்பல் நிறமாகி மூச்சு வாங்குவான். அந்த நிலைக்குப் பர்ன்அவுட் என்று பெயர். அப்போது தடுத்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இதில் டிரைவ் இம்பாக்ட் என்று ஒரு அடி. ஒரே பொத்தான் சேர்க்கை, எல்லாருக்கும் பொது. வண்ணக் குழம்பைச் சுவரில் விசிறியது போல ஒரு கோலம் திரையில் வெடிக்கும். எதிரியின் இரண்டு அடிகளை வாங்கிக்கொண்டே வந்து இவன் இடிப்பான். அது வந்து சேர 26 ஃபிரேம். திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அரை விநாடிக்கும் குறைவு. அதற்குள் நீயும் அதே அடியைத் திருப்பி விட்டால் பிந்தி விட்டவனுக்கே வெற்றி. முதல் மாதம் முழுவதும் இந்த ஒரே அடியால் செத்தேன். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியவன் நான். அரை விநாடியில் ஒரு பொத்தானை அழுத்த முடியவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வயதாகிவிட்டது என்று அக்கா மகன் சிரித்தான். பயிற்சி அறையில் கணினியை அந்த அடியை மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொல்லி, மூன்று இரவு உட்கார்ந்தேன். மூன்றாவது இரவில் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் போய்விட்டது. வயதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இதற்கு முந்தைய பதிப்பான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

பயிற்சி அறையைப் பற்றி ஒரு பத்தி தனியாகச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆட்டம் வந்த அடுத்த ஆண்டு அதில் ஃபிரேம் மீட்டர் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். திரையின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு பட்டை ஓடும். நீ அடி தொடங்கிய நேரம் ஒரு நிறம், அடி படும் நேரம் வேறு நிறம், கை திரும்பும் நேரம் இன்னொரு நிறம். எதிரிக்கும் அதே போல் ஒரு பட்டை. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால், யார் எத்தனை கட்டம் முந்தினார் என்பது அளவுநாடா வைத்தது போலத் தெரிந்துவிடும். கைபேசிப் பலகையில் எந்த இடத்தில் மின்சாரம் நிற்கிறது என்று மல்ட்டிமீட்டர் முனையை வைத்து வைத்துத் தேடுகிறவனுக்கு இது தாய்மொழி. அன்றைக்கு இரண்டு வாரம் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றதை இது இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

புதியவர்களுக்கு மாடர்ன் என்றொரு கட்டுப்பாட்டு முறை உண்டு. கால்வட்டம் வேண்டாம், ஒரே பொத்தானில் நெருப்புப் பந்து வரும். பதிலுக்கு அப்படி விடும் சிறப்பு அடிகளின் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையும். இது ஏமாற்று வேலை என்று கடையில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது மகள் இந்த முறையில், மனோன் என்ற பிரெஞ்சுக்காரியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாளே என்னைத் தோற்கடித்தாள். மனோன் பாலே ஆடிக்கொண்டே ஜூடோ பிடி போடுகிறவள். தனக்கே உரிய சிறப்புப் பிடியில் எறியும் ஒவ்வொரு முறையும் ஒரு பதக்கம் கூடும், பிடியின் வலுவும் கூடும். மகளிடம் நான் ஐந்து பதக்கமும் கொடுத்தேன். அன்றிலிருந்து மாடர்னைப் பற்றி நான் பேசுவதில்லை.

பலர் தொடாமல் விட்டுவிடும் ஒரு பக்கமும் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கான ஒலி அமைப்புகள். எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், விழுந்த அடி மேலா நடுவா கீழா, டிரைவ் கேஜ் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை வைக்கலாம். ஒரு நாள் கடையை மூடிவிட்டு, ஹெட்ஃபோன் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கணினியோடு ஆடினேன். தோற்றேன். ஆனால் எதிரி நெருங்குவது காதில் தெரிந்தது. குதித்து வந்தவனை ஒருமுறை சரியாக அடித்தும் விட்டேன். சும்மா பெயருக்கு ஒட்ட வைத்த வசதி இல்லை இது.

குறைகள் இல்லாமல் இல்லை. சுவர் மூலையில் மாட்டினால் பிடித்து எறிவான், எழுந்தால் மறுபடி பிடிப்பான், மறுபடி எறிவான். தப்பும் வழி உண்டு என்றாலும் ஊகம்தான். ஆண்டுக்கணக்கில் எல்லாரும் முணுமுணுக்கும் குறை. வேர்ல்ட் டூர் என்ற தனிநபர் கதை மெட்ரோ சிட்டி என்ற கற்பனை நகரின் தெருக்களில் நடக்கிறது. அட்டைப் பெட்டியைத் தலையில் கவிழ்த்த ரவுடிகளோடும் வழியில் போகிறவர்களோடும் சண்டை. குருமார்களைத் தேடிப்போய் வித்தை கற்பது மட்டும் நன்றாக இருக்கிறது. கதை தண்ணீர்ச் சட்னி. ஆட்டத்தின்போது ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் நேரடி வர்ணனை உண்டு. கபடி வர்ணனை செய்யும் நம் ஊர்க் குரல் ஒன்றை அதில் போட்டால், வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் அதற்காகவே இன்னொரு பிரதி வாங்குவேன்.

தால்சிம் பற்றி ஒரு வரி. 1991 முதல் இந்தியாவின் பெயரால் கை நீட்டிக்கொண்டிருக்கும் யோகி. அன்றைக்கு மண்டையோட்டு மாலையும் வெறித்த கண்ணுமாக அவரைப் பார்த்து நாங்களே பயந்தோம். இப்போது தாடி வைத்த பெரியவராகியிருக்கிறார். அவருக்கென ஒரு கோயில் அரங்கமும் உண்டு. அவரை வைத்து ஆடுவது கடினம். நான் எடுப்பது இந்த வரிசையின் பழைய நாயகன் ரியூவைத்தான்.

இனி டெக்கன் 8. 2024 ஜனவரி 26. பண்டாய் நாம்கோ நிறுவனத்தின் வெளியீடு. முதல் நாளில் 32 பேர். கணினியில் 100 ஜிபி இடம் கேட்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 60-தான். என் கடை இணைய வேகத்தில் அது இறங்க இரண்டு இரவு பிடித்தது.

டெக்கனுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், மணிக்குப் பதினைந்து ரூபாய் வாடகைக்கு பிளேஸ்டேஷன் வைத்திருந்த ஒரு கடையில் டெக்கன் 3. எடி கோர்டோ என்ற பிரேசில்காரனை எடுத்து, இரண்டு உதைப் பொத்தான்களையும் அம்மியில் அரைப்பது போல அரைத்தால், பழகியவனையும் வீழ்த்திவிடலாம். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். தோற்றவனுக்கும் காரணம் தெரியாது, வென்றவனுக்கும் தெரியாது.

நியாயமாகச் சொன்னால், டெக்கனின் அடிப்படை மூன்றிலும் அழகானது. நான்கு பொத்தான்கள், இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால். அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் விளங்கும் இலக்கணம். பக்கவாட்டில் ஒதுங்கலாம் என்பதால் சண்டைக்கு ஆழம் வந்துவிடுகிறது. நேராக வந்த குத்து தோளை உரசிக்கொண்டு போகும். அடி விழும்போது ஏற்படும் கனம் இருக்கிறதே, அதை ஸ்ட்ரீட் ஃபைட்டரால் தர முடியாது. பால் என்பவன் தோளோடு கொடுக்கும் ஒரு குத்தில் என் மேசையிலிருந்த ஸ்பீக்கர் நகர்ந்தது. ஆளாளுக்கு அவரவர் மொழியில் பேசிக்கொள்வார்கள். அஸுசேனா என்ற பெருநாட்டுக்காரி ஸ்பானியத்தில் காபி பெருமை பேச, எதிரே நிற்கிறவன் ஜப்பானியத்தில் முறைப்பான். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் போவதே இல்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இப்படித்தான் இருக்கும்.

பிரச்சினை 32 என்ற எண்ணில் இருக்கிறது. பலருக்கும் நூற்றுக்கு மேல் அடிகள். எல்லாவற்றையும் அறிந்தால்தான் எதைக் குனிந்து தவிர்ப்பது, எதை நின்று தடுப்பது என்று தெரியும். கடையை ஒன்பதரைக்கு மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கு இது ஐ.ஏ.எஸ். பாடத்திட்டம். அக்கா மகனின் ஆள் கிங். ஜாகுவார் தலை மாட்டிய மல்யுத்த வீரன். ஒரு பிடி போடுவான், அதிலிருந்து இன்னொரு பிடி, அதிலிருந்து மற்றொன்று. நடுவில் அறுத்துக்கொண்டு வர, எந்தக் கை முன்னால் நீள்கிறது என்று பார்த்து அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரைதான். கூரை, தரை, கூரை, தரை. "மாமா, கையைப் பாருங்கள், கையைப் பாருங்கள்" என்பான். கை எங்கே இருக்கிறது? திரை முழுக்க அவன் முதுகு.

இந்தப் பதிப்பில் ஹீட் என்று ஒன்றைப் புகுத்தியிருக்கிறார்கள். ஒரு சுற்றில் ஒருமுறை ஆள் நீலமாகக் கொதிப்பான். அந்தச் சில விநாடிகளில் எதிரி தடுத்தாலும் எதிரியின் உயிர் குறையும், இவனுக்குப் புது அடிகள் கிடைக்கும். இழந்த உயிரில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு, எதிரியை அடித்தால். அதாவது புண் ஆற வேண்டுமானால் குத்த வேண்டும். ஒதுங்கி நின்று யோசிக்கிறவனுக்கு இங்கே மரியாதை குறைவு. மேலே விழுந்து பிறாண்டுகிறவனுக்கு எல்லாம் சலுகை. 2025 ஏப்ரலில் வந்த இரண்டாம் பருவத் திருத்தம் இதை இன்னும் முறுக்கிவிட்டது. உலகெங்கும் தேர்ந்த ஆட்டக்காரர்களே கொதித்தெழுந்தார்கள். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. நிறுவனம் அவசர அவசரமாகத் திருத்தத்துக்குத் திருத்தம் போட்டது. அந்த வாரம் அக்கா மகன் கடைக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கைபேசியை நெம்பித் திறக்கும் ஸ்பட்ஜரை எடுத்து நகம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நானும் சீண்டவில்லை. இன்னொரு குறை, ஆடைகளை விற்கும் கடையை ஆட்டத்துக்குள் திறந்தது. அதுவும் வெளியீட்டு நாளில் இல்லை, எல்லாரும் வாங்கிப் பாராட்டி முடித்த பின்.

அக்கா மகனின் கட்சிக்காரர்களுக்கு ஒரு பெரிய பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். 2019-இல், விசா தொல்லைகளையெல்லாம் தாண்டிப் போய், ஜப்பானில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியையும் அதே ஆண்டு லாஸ் வேகாஸ் ஈவோவையும் டெக்கன் 7-இல் வென்றார். கொரியாவும் ஜப்பானும்தான் டெக்கன் என்று இருந்த உலகத்துக்கு, லாகூர்க் கடைகளில் காசு போட்டு ஆடிய பையன்கள் இருக்கிறார்கள் என்று காட்டியவர். 2024-இல் டெக்கன் 8-இலும் ஈவோ பட்டம் அவருக்கே. அக்கா மகனின் கைபேசித் திரையில் அவர் படம்தான்.

இதுவரை படித்தவர்கள் டெக்கனை நான் கழித்துக் கட்டிவிட்டேன் என்று நினைக்கலாம். என் அளவுகோல் எனக்கே எதிராகத் திரும்பிய இடம் இனிமேல்தான் வருகிறது. ஏன் தோற்றேன் என்பதைச் சொல்லும் வித்தையில் டெக்கன் 8 ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் ஒரு படி மிஞ்சுகிறது. தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திறந்தால், ஓடிக்கொண்டே, 'இந்த அடிக்குப் பின் அவன் கை திரும்பவில்லை, இன்னதால் தண்டித்திருக்கலாம்', 'இந்தப் பிடியை இப்படி அறுத்திருக்கலாம்' என்று இடம் சுட்டிச் சொல்லும். சொல்வதோடு நிற்காது. அந்த விநாடியிலேயே பதிவை நிறுத்தி, என் ஆளை என் கையில் கொடுத்துவிடும். தோற்ற அதே இடம், அதே சுவர், அதே கிங். இப்போது செய்து பார் என்கிறது. கிங்கின் இரண்டாவது பிடியை நான் முதன்முதலாக அறுத்தது அப்படித்தான், இரவு பதினொன்றே காலுக்கு, ஏழாவது முயற்சியில். பன்னிரண்டு வயதில் எனக்கு இது கிடைத்திருந்தால் எத்தனை ரூபாய்க் காசு மிச்சமாகியிருக்கும்! அவ்வளவு சிக்கலான ஆட்டத்துக்கு இப்படி ஒரு வாத்தியார் தேவைதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் வாத்தியார் நல்லவர்.

மார்ட்டல் காம்பாட் 1-ஐச் சுருக்கமாக முடிக்கலாம். பெயரில் 1 இருந்தாலும் இது வரிசையின் முதல் ஆட்டம் அல்ல, 2023 செப்டம்பரில் வந்தது. நெதர்ரெல்ம் ஸ்டுடியோவின் வேலை. இதுவும் 100 ஜிபி. கதைப் பகுதி மூன்றிலும் உயர்ந்தது. நெருப்புத் தெய்வமாகிவிட்ட பழைய நாயகன் லியூ காங் புதிதாகப் படைத்த காலத்தில், பழைய பகைவர்களே நண்பர்களாக வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நல்ல படம் பார்த்த திருப்தி. தடுக்கத் தனிப் பொத்தான் இருப்பதால் புதியவர்களுக்குக் குழப்பம் குறைவு. காமியோ என்ற உதவியாளை நடுவில் அழைத்து அடிக்க வைக்கும் யோசனையும் சுவாரசியமானது. திங்கட்கிழமை வந்ததும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இன்வேஷன்ஸ் என்ற தனிநபர்ப் பகுதி, கட்டம் கட்டமாக நகர்ந்து கணினியோடு சண்டை போட்டுத் துணிமணி சேர்ப்பது, எனக்குச் சலித்துவிட்டது. 2025 மே மாதத்தில், இனிப் புது ஆட்களோ கதையோ வராது என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. வெளிவந்து இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. புதிதாக வாங்குகிறவன் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிறகு அந்த ரத்தம். இந்த வரிசையின் முதல் ஆட்டம் வந்த அடுத்த ஆண்டு, 1993-இல், அமெரிக்க செனட் விசாரணை வரைக்கும் போன விவகாரம் அது. வீடியோ கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் வழக்கம் அங்கே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதைய படத் தெளிவில் ஒரு எலும்பும் தப்புவதில்லை. வீட்டுக் கூடத்து டிவியில் இணைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா, தோற்றவனைக் கோரமாகக் கொன்று முடிக்கும் ஃபேட்டாலிட்டி என்ற காட்சி ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டார். "இதற்காகத்தானா ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாய்?" என்றார். பதில் இல்லை. முதல் தடவை வாய் பிளக்க வைக்கும் காட்சி, பத்தாவது தடவை பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பது போல இருக்கிறது. மகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்று அழித்துவிட்டேன். 100 ஜிபி காலியானதில் கணினிக்கும் மூச்சு வந்தது.

இன்னும் சிலவற்றைக் கேட்பார்கள். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97-ஐ மறக்காத என் வயதுக்காரர்களுக்கு அதே எஸ்என்கே நிறுவனம் 2025 ஏப்ரலில் ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஆஃப் த வுல்வ்ஸ் கொடுத்திருக்கிறது. சண்டை நன்று. அதில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவையும் ஒரு ஆளாகச் சேர்த்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான்.

இணைய ஆட்டத்தில் ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், மார்ட்டல் காம்பாட் மூன்றிலும் ரோல்பேக் முறைதான். எதிரியின் அடுத்த அசைவை ஊகித்துக் காட்டி, ஊகம் தப்பானால் ஓசைப்படாமல் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. பக்கத்து ஊர்க்காரனோடு ஆடும்போது மூன்றும் வெண்ணெய். தொலைவு கூடும்போது ஸ்ட்ரீட் ஃபைட்டர் என் கைக்குக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்தது. எதிரி வைஃபையில் ஆடுகிறானா ஒயரிலா என்று ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் முன்கூட்டியே காட்டிவிடும். வைஃபை என்று கண்டால் நான் மறுத்துவிடுவேன். நூறு ரூபாய் ஒயர் வாங்கச் சோம்பேறித்தனப்படுகிறவனோடு எனக்கென்ன சண்டை?

ஆகவே கடைக்கு வரும் தம்பிகளுக்கு: தனியாக, தினம் ஒரு மணி நேரம், கற்றுக்கொண்டே போக ஆசைப்படுகிறீர்களா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்துக்கொண்டு ஆட ஓர் ஆள் நிரந்தரமாக இருக்கிறானா, டெக்கன் 8-ஐயும் தாராளமாக வாங்கலாம். சிரிப்புச் சத்தம் அதில்தான் அதிகம். மார்ட்டல் காம்பாட் விலை குறையும்போது கதைக்காக. எதை வாங்கினாலும் ரப்பர் தேயும். என்னிடம் வாருங்கள், ஐபிஏ என்ற சுத்தம் செய்யும் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, புது ரப்பர் போட்டுத் தருகிறேன்.

அக்கா மகனுக்கு ஜூன் மாதம் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகிற அன்று காலை கடைக்கு வந்து, தன் இடக்குமிழ் செத்த ஜாய்ஸ்டிக்கை மேசையில் வைத்தான். ரப்பர் மாற்றிக் கொடுத்தேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான் நல்லது என்று தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஞாபகமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

டெக்கன் 8-இல் கோஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. நாம் ஆடுவதைக் கணினி கவனித்து, நம் வழக்கங்களோடு ஒரு நிழலை உருவாக்கிவிடும். ஒருவரின் நிழலை மற்றவர் இறக்கிக்கொண்டு அதோடு சண்டை போடலாம். போன வாரம் அவன் நிழலை இறக்கினேன். பெயர் அவன் பெயர், ஆள் கிங், இடுப்பில் அவன் கட்டிவிட்ட அதே பச்சைத் துணி. மூன்று அடி பின்வாங்கி ஒரு அடி முன்னே வருகிறான். கீழே விழுந்தால் ஒவ்வொரு முறையும் காலை வீசிக்கொண்டுதான் எழுகிறான். அப்படி எழாதே, தடுத்துவிட்டு அடிப்பேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நேற்று இரவு கடை மூடிய பிறகு பதினொரு ஆட்டம். எட்டு அவனுக்கு, மூன்று எனக்கு. டெக்கனை அழிக்கவில்லை.